சிரமபரிகாரத்தின் சாஸ்திரம்

களைப்பு எல்லா மனிதரும் நாள்தோறும் அனுபவிக்கிற ஒன்றாயிருந்தும், அதை அளந்து பார்க்கலாம், கோடாக வரைந்தே காட்டலாம் என்ற எண்ணம் விஞ்ஞான உலகில் வெகு காலம் கழித்துத்தான் உதித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இத்தாலி தேசத்து டூரின் சர்வகலாசாலையில் உடலியல் பேராசிரியராக இருந்த ஆஞ்செலோ மோஸ்ஸோ என்பவர் அதற்கென்றே ஒரு கருவியை அமைத்தார். பரிசோதனைக்கு இசைந்தவர் தம் முன்கையைப் பலகை ஒன்றில் அசையாதபடி பொருத்திக்கொண்டு, நடுவிரலில் ஒரு கயிற்றை மாட்டிக்கொள்வார். அந்தக் கயிறு ஒரு கப்பியின்மேல் ஓடி, மறுமுனையில் சில கிலோ எடையுள்ள ஒரு குண்டைத் தாங்கி நிற்கும். தாளம் தட்டுந்தோறும் விரலை மடக்கிக் குண்டைத் தூக்கவேண்டும்; தூக்கிய உயரத்தை, புகைக்கரி படிந்த ஓர் உருளையின்மேல் ஊசிமுனை ஒன்று கோடாகக் கீறிக்கொண்டே போகும். முதலில் விழுகிற கோடுகள் நெடியவை. வரவர அவை குறுகிக்கொண்டே வந்து, கடைசியில், மனம் எவ்வளவு கட்டளையிட்டாலும் விரல் அசைய மறுத்துவிடும். அந்தக் கோடுகளின் நுனிகளை ஒரு வளைவாக இணைத்துப் பார்த்த மோஸ்ஸோவுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது: ஒவ்வொருவருடைய களைப்பு வளைவும் தனித் தன்மையுடையது, ஒருவருடையது மற்றொருவருடையதைப் போல இருப்பதில்லை, அதே மனிதர் சில வருஷங்கள் கழித்து வந்து மறுபடி விரலை மாட்டிக்கொண்டாலும் ஏறக்குறைய அதே வளைவுதான் கிடைக்கும். 

இந்தக் கருவியைக் கொண்டு மோஸ்ஸோவின் சகாவான மாஜ்ஜியோரா கண்ட ஒரு கணக்குத்தான் இந்த அத்தியாயத்துக்கு அஸ்திவாரம். முப்பது தடவை தூக்கியதும் முற்றும் ஓய்ந்துபோகிற ஒரு விரல் பழைய பலத்தைத் திரும்பப் பெறுவதற்கு 2 மணி நேரம் பிடிக்கிறது. அப்படியானால் பதினைந்து தடவையோடு நிறுத்திக்கொண்ட விரலுக்கு ஒரு மணி நேரம் வேண்டியிருக்கும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். ஆனால் அதற்கு அரை மணி நேரமே போதுமானதாக இருந்தது. பாதி வேலைக்குக் கால் பங்கு ஓய்வு! இதன் தாத்பரியம், ஒரு வேலையின் பிற்பாதிதான் அதிக விலை கொடுத்து வாங்கப்படுகிறது என்பதும், களைத்த பின் செய்யும் சிறிய முயற்சியும் களைக்குமுன் செய்யும் பெரிய முயற்சியைவிட உடலை மிகுதியாகத் தேய்த்துவிடுகிறது என்பதுமாகும். ஒவ்வொரு தூக்கலுக்கும் நடுவே 10 விநாடி இடைவெளி விட்டபோது விரல் களைப்பின்றி நெடுநேரம் வேலை செய்துகொண்டே போனதையும் மாஜ்ஜியோரா கண்டார். ஓய்வு எவ்வளவு என்பதைக் காட்டிலும் அது எப்போது வருகிறது என்பதே முக்கியம் என்ற உண்மை, இவ்வாறு ஒற்றை விரலின் அசைவிலிருந்து வெளிப்பட்டது. 1891-ஆம் வருஷத்தில் மோஸ்ஸோ களைப்பைப் பற்றி எழுதி வெளியிட்ட நூல் ஐரோப்பாவெங்கும் பரவிற்று.

ஆலைகளின் அனுபவம்

பரிசோதனைச் சாலையில் பிறந்த இந்த உண்மையை ஆலை முதலாளிகள் ஏற்றுக்கொண்டது தர்மசிந்தனையால் அன்று, லாபத்தைக் கருதியே. அமெரிக்காவின் பெத்லஹேம் உருக்காலையில் 1899-ஆம் ஆண்டில் வார்ப்பிரும்புக் கட்டிகளை ரயில் வண்டியில் ஏற்றும் வேலையை ஆராய்ந்த பிரெடெரிக் டெய்லர், ஒவ்வொன்றும் 92 பவுண்டு எடையுள்ள அந்தக் கட்டிகளைத் தூக்குகிறவன் கையில் வேலை நேரத்தின் 43 சதவிகிதம்தான் சுமை இருக்கலாம், மீதி 57 சதவிகிதம் கை வெறுமையாக இருக்கவேண்டும் என்று விதித்தார். அவர் தம் நூலில் சொல்லும் வெற்றிக் கதையில் மிகை கலந்திருக்கிறதென்று பிற்காலத்து ஆராய்ச்சியாளர் காட்டியிருக்கிறார்களாயினும், கடினமான உழைப்பின் அளவைக் கூட்டுவதற்கு ஓய்வின் அளவைக் கூட்டவேண்டும் என்று ஓர் ஆலை நிபுணரே எழுதியது அக்காலத்தில் புதுமைதான். ஆயினும் டெய்லருடைய ஓய்வில் உல்லாசம் இல்லை. கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் உட்காரச் சொல்லும்போது உட்கார்ந்து, எழச் சொல்லும்போது எழுவதே அந்த ஓய்வு.

இதற்கு நேர்மாறான ஒரு சம்பவம் கொலராடோ மாகாணத்து டென்வர் நகரில் நடந்தது. கழுத்துப்பட்டி நெய்யும் ஒரு சிறு நெசவுச்சாலையிலிருந்து, இரண்டாம் உலக யுத்தத்தின்போது, நல்ல கைத்திறனுள்ள வாலிபர்கள் எல்லாரும் போர்க்காலப் பணிகளுக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்குப் பதிலாக வந்த வயதானவர்களுக்கு நுணுக்கமான வேலைப்பாட்டில் விரல் ஓடவில்லை; பின்பு சேர்க்கப்பட்ட நடுவயதுப் பெண்களுக்குக் கைத்திறன் இருந்தது, நாள் முழுவதும் தறியில் நிற்கும் தெம்பு இல்லை. முதலாளி எல்லாரையும் கூட்டி வைத்து யோசனை கேட்டார். காலையில் ஒரு கால் மணியும் மாலையில் ஒரு கால் மணியும் காப்பியோ தேநீரோ அருந்த விட்டால் போதும் என்றார்கள் அந்தப் பெண்கள். அப்படியே விட்டுப் பார்த்ததில், முன்பு வயதானவர்கள் 8 மணி நேரத்தில் நெய்ததை இவர்கள் ஆறரை மணி நேரத்தில் நெய்து முடித்தார்கள். முதலாளி மகிழ்ந்துபோய், இடைவேளையை எல்லாருக்கும் கட்டாயமாக்கினார். ஆனால் அந்த அரை மணிக்குக் கூலி கொடுக்கமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்! விஷயம் நியாயஸ்தலத்துக்குப் போயிற்று. 1956-ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த இடைவேளையினால் தொழிலாளிக்கு விளைகிற நன்மையைப் போலவே முதலாளிக்கும் நன்மை விளைவதால் அதையும் வேலை நேரமாகவே கணக்கிட்டுக் கூலி தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. மாஜ்ஜியோராவின் கணக்கு இவ்வாறு சட்டத்தின் அங்கீகாரத்தையும் பெற்றது.

இத்தனையும் கேட்ட வாசகர், இடைவேளை எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சிகாகோவுக்கு அருகில் இருந்த ஹாதார்ன் ஆலையில் 1927-ஆம் ஆண்டில் தொடங்கிய பரிசோதனை இதற்கு ஒரு தடை போடுகிறது. டெலிபோனுக்கு வேண்டிய ஒரு சிறு உறுப்பைப் பொருத்தும் வேலையிலிருந்த ஐந்து இளம் பெண்களைத் தனி அறையில் அமர்த்தி, முதலில் நாளுக்கு இரண்டு ஐந்து நிமிஷ இடைவேளைகளும், பிறகு இரண்டு பத்து நிமிஷ இடைவேளைகளும் கொடுத்துப் பார்த்தார்கள், உற்பத்தி ஏறிற்று. அடுத்தபடியாக ஆறு ஐந்து நிமிஷ இடைவேளைகள் கொடுத்தபோது, ஓய்வின் மொத்த அளவு கூடியிருந்தும், அந்தப் பெண்கள் முறையிட்டார்கள்: கை ஓட்டம் பிடிக்கிற சமயத்தில் மணி அடித்துவிடுகிறதென்பது அவர்கள் குறை. காலையில் சிற்றுண்டியோடு 15 நிமிஷமும் மாலையில் 10 நிமிஷமுமாக மாற்றிய பிறகே அவர்கள் திருப்தி அடைந்தார்கள். உற்பத்தி உயர்ந்ததற்கு ஓய்வு மாத்திரமா காரணம், கூலி முறையும் மேற்பார்வையின் கனிவும்கூடக் காரணமா என்ற விவாதம் இன்றளவும் தீரவில்லை. ஆனால் வேலைக்கென்று ஒரு லயம் உண்டு, அந்த லயத்தை அறுக்கிற ஓய்வு ஓய்வாகாது என்று அந்தப் பெண்கள் சொன்னதை யாரும் மறுக்கவில்லை.

மனம் எடுக்கும் கள்ள விடுப்பு

விரலுக்கும் தறிக்கும் பொருந்தும் விதி, மேஜைமுன் அமர்ந்து கணக்கெழுதுகிறவருக்கும் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கும் பொருந்துமா என்பது அடுத்த கேள்வி. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, கடலில் பகைவரின் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிப் பறந்த பிரிட்டிஷ் விமானங்களில் ராடார் திரையைக் கவனித்து வந்த வீரர்கள், திரையில் தெளிவாகத் தெரிந்த புள்ளியையே காணாமல் விட்டுவிட்டார்கள். காரணத்தை ஆராய்ந்தவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த நார்மன் மாக்வொர்த். எண்கள் இல்லாத ஒரு வெற்றுக் கடிகாரத்தை அவர் செய்தார். அதன் முள் விநாடிக்கு ஒரு தரம் ஒரு படி நகரும். எப்போதாவது ஒரு தடவை, முன்னறிவிப்பின்றி, இரண்டு படி தாவும். தாவும்போது ஒரு விசையை அழுத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. நல்ல பார்வையும் கடமையுணர்ச்சியும் உள்ள வீரர்களே, முதல் அரை மணி கழிந்ததும், தாவல்களைத் தவறவிடத் தொடங்கினார்கள். அரை மணி வேலை, அரை மணி ஓய்வு என்று மாற்றிக் கொடுத்தபோது இந்தச் சரிவு ஏற்படவில்லை. இதைவிட வினோதம், வேலையின் நடுவே டெலிபோனில் அழைத்து, இன்னும் நன்றாகக் கவனிக்கும்படி ஒரு வார்த்தை சொன்னதே கவனத்தை மறுபடி உயர்த்திவிட்டது. மாக்வொர்த் இவற்றை 1948-ல் வெளியிட்டார்.

நாம் விடுமுறை கொடுக்காவிட்டால் மனம் தானாகவே எடுத்துக்கொள்கிறது என்பதற்கு அமெரிக்க உளவியல் அறிஞர் ஆர்தர் பில்ஸ் 1931-லேயே சான்று காட்டியிருந்தார். வரிசையாகத் தெரியும் நிறங்களின் பெயர்களை இடைவிடாமல் வேகமாகச் சொல்லிக்கொண்டு வரும்படி அவர் பலரைப் பணித்தார். எவ்வளவு ஊக்கமுள்ளவராயினும், நிமிஷத்துக்கு ஏறக்குறைய மூன்று முறை, சொல்லுகிறவருக்கே தெரியாமல், ஒரு சிறு தடை விழுந்தது. களைப்பு ஏற ஏற அந்தத் தடைகள் நீண்டன. தவறுகள் பெரும்பாலும் அவற்றை ஒட்டியே நிகழ்ந்தன. கண் இமைப்பதிலும் இதுபோன்ற ஒரு ரகசியம் உண்டு. விழியை ஈரமாக வைப்பதற்குத் தேவையானதைவிடப் பன்மடங்கு அதிகமாக, நிமிஷத்துக்குப் பதினைந்து இருபது தடவை நாம் இமைக்கிறோம். ஜப்பானில் ஒஸாகா சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள், மிஸ்டர் பீன் என்னும் ஹாஸ்யப் படத்தைச் சிலருக்குக் காட்டி, அப்போது அவர்களுடைய மூளையில் நடப்பதைக் கவனித்து 2013-ல் வெளியிட்ட முடிவு இது: ஒவ்வொரு இமைப்பின்போதும் வெளியுலகைக் கவனிக்கும் மூளைப் பகுதிகள் சற்றே அடங்கி, உள்முகமாகத் திரியும் பகுதிகள் எழும்புகின்றன. இமைக்கும் நேரமளவுக்குத் திரையையே இருட்டாக்கிப் பார்த்தால் அந்த மாறுதல் நிகழ்வதில்லை. ஆகவே இமைப்பு வெறும் இருட்டு அன்று. கண நேர விச்ராந்தி.

மனத்துக்கு வேண்டிய ஓய்வு சும்மா இருப்பதுதானா என்றால், அதுவும் இல்லை. இல்லினாய் சர்வகலாசாலையில் அரிகா, யெராஸ் என்ற இருவர் நடத்தி 2011-ல் வெளியிட்ட பரிசோதனையில், 84 பேர் ஏறக்குறைய 50 நிமிஷம் ஒரே விதமான வேலையில் அமர்த்தப்பட்டார்கள். நேரம் செல்லச் செல்ல மற்றெல்லாருடைய திறமையும் குறைந்தது. நடுவில் இரண்டே தடவை, சில விநாடி மாத்திரம், முன்பு மனப்பாடம் செய்த எண்களை நினைவுகூரும் வேறொரு சிறு வேலைக்குத் திரும்பியவர்களுடைய திறமை மாத்திரம் குறையவில்லை. ஒரே பொருளின்மேல் நெடுநேரம் நிற்பதால் மரத்துப்போகிற கவனம், ஒரு நொடி வேறெங்கேனும் திரும்பி வந்தால் மீண்டும் கூர்மை பெறுகிறது.

ஓய்வு வேளையில் மூளை செய்வது

ஓய்வெடுக்கும்போது மூளைக்குள் நடப்பதென்ன என்பதைக் கடந்த சில ஆண்டுகளில்தான் ஓரளவு காண முடிந்திருக்கிறது. பாரிஸ் நகரில் நடந்து 2022-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஒரு குழுவினருக்குக் கடினமான மனப்பயிற்சியும் மற்றொரு குழுவினருக்கு எளிய பயிற்சியும் ஆறு மணி நேரத்துக்கும் மேலாகக் கொடுத்து, மூளையிலுள்ள ரசாயனப் பொருள்களைக் காந்தப் புலத்தின் உதவியால் அளந்தார்கள். கடினமாக உழைத்தவர்களுக்கு, நெற்றிக்குப் பின்னால் உள்ள, சிந்தனையை நெறிப்படுத்தும் பகுதியில் குளூட்டமேட் என்னும் பொருள் மிகுந்திருந்தது. நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கு இன்றியமையாத பொருளாயினும், அது தேங்கினால் இடைஞ்சல். அடுப்பில் சேரும் சாம்பலை அவ்வப்போது வாரிவிட்டால்தான் தீ சீராக எரிவதுபோல, இதையும் மூளை அப்புறப்படுத்தியாக வேண்டும். அந்தக் குழுவினர் நாளின் முடிவில், பொறுத்திருந்து பெறும் பெரிய வெகுமதியை விட்டு, உடனே கிடைக்கும் சிறிய வெகுமதியை நாடியதும் காணப்பட்டது. மாலையில் களைத்துப்போன அதிகாரி ஆலோசிக்காமல் கையெழுத்திடுவதன் காரணம் இதில் ஒரு பகுதியாவது இருக்கக்கூடும்.

அமெரிக்க தேசிய சுகாதார நிலையத்தில் நடந்து 2021-ல் வெளியான ஆராய்ச்சி இன்னும் சுவையானது. 41324 என்ற வரிசையை இடது கை விரல்களால் தட்டச்சு செய்யப் பழகும்படி 33 பேரைக் கேட்டுக்கொண்டார்கள். 10 விநாடி தட்டுவது, 10 விநாடி சும்மா இருப்பது என்று மாறிமாறி நடந்தது. தொடக்கத்தில் அவர்களுடைய வேகம் ஏறியது தட்டிய வேளையில் அன்று, சும்மா இருந்த வேளையில்தான்! அந்தப் பத்து விநாடிகளில் மூளை, கற்ற வரிசையை நிஜ வேகத்தைப் போல் ஏறக்குறைய 20 மடங்கு வேகத்தில் தனக்குள் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. கை ஓய்ந்திருப்பதைக் கண்டு வேலையே ஓய்ந்துவிட்டதென்று கருதுகிற மேற்பார்வையாளர்கள் இந்த முடிவை நன்கு சிந்திக்க வேண்டும்.

வினோதத்தின் பயன்

ஓய்வு அவசியம் என்பதை ஒப்புக்கொள்பவர்களும், அது வேடிக்கையாகவும் இருக்கவேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டும் என்பதற்கு ஆதாரம் உண்டு. ஒரு மெழுகுவர்த்தி, ஒரு பெட்டி நிறையக் குத்தூசிகள், தீக்குச்சிகள் ஆகிய இவற்றை மாத்திரம் கொண்டு, மெழுகு தரையில் சொட்டாதபடி வர்த்தியைச் சுவரில் நிறுத்தவேண்டும் என்பது உளவியலாரின் பழைய புதிர். குத்தூசிகளைக் கொட்டிவிட்டுக் காலிப் பெட்டியைச் சுவரில் குத்தி, அதையே மாடமாக்கி வர்த்தியை வைப்பதுதான் விடை. ஆனால் பெட்டி என்றால் பொருள் வைப்பதற்கு என்ற எண்ணத்தில் பலர் சிக்கிக்கொள்வார்கள். ஆலிஸ் ஐசன் என்ற அம்மையாரும் சகாக்களும் 1987-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், முன்னதாகச் சில நிமிஷம் ஹாஸ்யப் படம் பார்த்துச் சிரித்தவர்கள், கணிதத்தைப் பற்றிய சாதாரணப் படம் பார்த்தவர்களைவிட மிக அதிகமான அளவில் இந்த விடையைக் கண்டுபிடித்தார்கள். வார்விக் சர்வகலாசாலைப் பொருளாதார அறிஞர்கள் இதையே கூலி வேலைக்கு மாற்றிப் பரிசோதித்தார்கள்: ஐந்து இரட்டை இலக்க எண்களைக் கூட்டும் கணக்குகளை, சரியான விடை ஒவ்வொன்றுக்கும் பணம் என்ற ஏற்பாட்டில், 10 நிமிஷம் போடச் செய்தார்கள். நகைச்சுவைக் காட்சி பார்த்துவிட்டு வந்தவர்கள் ஏறக்குறைய 12 சதவிகிதம் அதிகமாக வேலை செய்தார்கள். அவசரத்தினால் பிழை மலியவும் இல்லை. நம் நாட்டில் ஏற்றம் இறைத்தவர்களும் சேற்றில் நாற்று நட்டவர்களும் பாட்டை வேலையோடு பிணைத்துக்கொண்டதில் எவ்வளவு அனுபவ ஞானம் அடங்கியிருந்தது என்பதை இந்தப் பரிசோதனைகளின் வெளிச்சத்தில் பார்க்கலாம்.

சிரிப்பைப் போலவே பசுமையும் பயன்படுகிறது. மெல்போர்ன் சர்வகலாசாலையில் 150 மாணவர்களுக்கு, சலிப்பூட்டும் ஒரு வேலையின் நடுவே, 40 விநாடி மாத்திரம் ஒரு கட்டடக் கூரையின் படம் காட்டப்பட்டது. பூத்த புல்வெளி வளர்ந்த கூரையைப் பார்த்தவர்கள், வெறும் சிமெண்டுக் கூரையைப் பார்த்தவர்களைவிடக் குறைந்த பிழைகளே செய்தார்கள்.

ஆனால் எல்லா வினோதமும் சிரமபரிகாரமாகிவிடாது. சொற்புதிர்களுக்கு விடை காணும் வேலையை 414 மாணவர்களுக்குக் கொடுத்து, நடுவில் இடைவேளையும் தந்து, ரட்கர்ஸ் சர்வகலாசாலையார் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், இடைவேளையில் ஒரு சிறு காரியத்தைக் கைப்பேசியில் செய்தவர்கள், காகிதத்திலோ கணினியிலோ அதே காரியத்தைச் செய்தவர்களைவிட, மீதி வேலைக்கு 19 சதவிகிதம் அதிக நேரம் எடுத்துக்கொண்டு 22 சதவிகிதம் குறைவாகவே விடை கண்டார்கள். களைத்த கவனத்தைக் கைப்பேசிக்குக் கொண்டுபோய் நிறுத்துவது, இடது கை வேலையை வலது கைக்கு மாற்றுவதாகக்கூட ஆகாது. அதே கையால் வேறொரு சுமையைத் தூக்குவதாகவே முடியும்.

தீர்மானம்

இங்கே ஒரு நியாயமான ஐயத்துக்கும் இடம் கொடுக்கவேண்டும். ருமேனியா தேசத்து அறிஞர்கள், 10 நிமிஷத்துக்கு மேற்படாத சிற்றிடைவேளைகளைப் பற்றி அதுவரை வெளிவந்திருந்த ஆராய்ச்சிகளை ஒன்றுதிரட்டி 2022-ல் ஆராய்ந்தார்கள். அத்தகைய இடைவேளைகள் உற்சாகத்தைக் கூட்டுகின்றன, களைப்பைக் குறைக்கின்றன என்பது ஐயமற நிலைநின்றது. வேலைத் திறமையைப் பொறுத்தவரையில், எளிய வேலைகளிலே பயன் தெரிந்ததே தவிர, மூளையைக் கசக்கும் கடின வேலைகளுக்கு அந்தச் சில நிமிஷங்கள் போதவில்லை. இடைவேளை நீள நீளப் பயனும் கூடிற்று. ஆகையால் ஐந்து நிமிஷ வேடிக்கை எந்தக் களைப்பையும் தீர்த்துவிடும் மந்திரம் என்று யாரேனும் சொன்னால் நம்பவேண்டாம்; இரவு உறக்கத்துக்கும் வார விடுமுறைக்கும் அது ஈடாகாது.

இத்தனை பரிசோதனைகளிலிருந்தும் ஒரு காரியாலயச் சிப்பந்தி கடைப்பிடிக்கத் தக்கவை நான்கு. களைத்த பிறகு எழாமல் களைக்குமுன் எழுவது முதலாவது. இதை மாஜ்ஜியோராவின் விரல் கற்பிக்கிறது. வேலையின் லயம் கூடியிருக்கும்போது எழாமல், ஒரு பகுதி முடிந்த இடத்தில் எழுவது இரண்டாவது. இதை ஹாதார்ன் பெண்கள் சொன்னார்கள். உழைத்த புலனுக்கு மாறான புலனை ஈடுபடுத்துவது மூன்றாவது. கண்ணால் உழைத்தவர் நடக்கலாம், தனியே உழைத்தவர் பக்கத்து மேஜைக்காரரோடு சிரித்துப் பேசலாம், கணக்கில் ஆழ்ந்தவர் ஜன்னலுக்கு வெளியே மரத்தைப் பார்க்கலாம். அந்த இடைவேளை தாமே விரும்பித் தேர்ந்ததாக இருப்பது நான்காவது.

மேலதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. 1948-ஆம் ஆண்டில் நம் நாட்டில் இயற்றப்பட்ட தொழிற்சாலைச் சட்டம், 5 மணி நேரத்துக்கு மேல் ஒருவரைத் தொடர்ந்து வேலை வாங்கலாகாது, அதற்குள் அரை மணியாவது ஓய்வு தரவேண்டும் என்று விதித்தது. ஆனால் மாக்வொர்த்தின் கடிகாரத்தின்முன் அமர்ந்த வீரர்களின் கவனம் அரை மணியிலேயே தளர்ந்துவிட்டது. இந்த இரண்டு அளவுகளுக்கும் நடுவே உள்ள தூரத்தைச் சட்டத்தால் நிரப்ப முடியாது. மேலதிகாரியின் விவேகத்தால்தான் நிரப்ப முடியும். சிப்பந்தி வெளிப்படையாக ஐந்து நிமிஷம் எழுந்து போவதைத் தடுக்கிறவர், அந்த ஐந்து நிமிஷத்தை மிச்சம் பிடித்துவிடுவதில்லை; அது பிழையாகவும் மறதியாகவும் வேலைக்குள்ளேயே கரைந்துபோகிறது. மனம் தன் ஓய்வை எப்படியும் எடுத்துக்கொண்டே தீரும். அதை மரியாதையாகக் கொடுத்துவிடுவதே இரு தரப்பினருக்கும் லாபம்.